காணிக்கு ஒரு மூட்டை

ஐப்பசி பிறந்துவிட்டது. விடியற்காலையில் மாடியில் நின்றால் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று முகத்தில் அடிக்கிறது. நம் புதுச்சேரியில் இந்தக் காற்று வந்துவிட்டால், இன்னும் ஒரு வாரத்தில் அடைமழை என்று சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அது தெரியாது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954-இல் ஆட்சி மாறியபோது எனக்கு ஐந்து வயது. கொடி மாறினாலும் எங்கள் வகுப்பில் பாடம் மாறவில்லை. அக்டோபர் மாதம் வந்தால் 'லோத்தொன்' என்று ஒரு பாடம். இலையுதிர் காலம். பாடப் புத்தகத்தில் சிவப்பும் மஞ்சளுமாக இலை கொட்டும் மரங்கள். குதிரை பூட்டிய ஏர். உழுத நிலத்தில் கோதுமை விதை தூவும் ஒரு குடியானவர். பிரான்சில் கோதுமையை அக்டோபர், நவம்பரில் விதைத்துவிடுவார்கள். அது முளைத்துப் பனியில் கிடந்து, அடுத்த கோடையில் அறுவடைக்கு வரும். நவம்பர் 25, சேந்த் காத்தரின் நாளில் நட்டால் எந்த மரமும் வேர் பிடிக்கும் என்று அவர்களிடம் ஒரு பழமொழிகூட உண்டு. இதையெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்வேன். இலை கொட்டும் மரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். வெளியே ஜன்னலுக்கு அப்பால் பூவரசு மரம் மழையில் நனைந்து பச்சைப் பசேலென்று நிற்கும்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் பாகூர் பக்கம். பள்ளி விடுமுறை என்றால் அங்கேதான் போவேன். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வரும். ஏரி நிரம்பினால் அந்த வட்டாரத்துக்கே கவலை இல்லை. அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமாவுக்கு இரண்டு காணி நஞ்சை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் அவருக்கு விரல் நுனியில். அவர் பள்ளிக்கூடமே போனதில்லை. ஐப்பசி மாதத்து வயலைப் பார்த்து அவர் சொன்னதில் நூற்றில் ஒரு பங்குகூட என் புத்தகத்தில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிரெஞ்சு தெரிந்த மருமகன் என்று அவருக்குத்தான் பெருமை.

1971-இல் எனக்கு அரசாங்க குமாஸ்தா வேலை கிடைத்தது. நான் போய் உட்கார்ந்த அலுவலகம் விவசாயத்தோடு சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வரும். இன்ன ரகம், இன்ன உரம், இன்ன பூச்சிக்கு இன்ன மருந்து என்று இருக்கும். அதைத் தமிழில் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ மெஷினில் சுற்றி, கிராமங்களுக்கு அனுப்ப வேண்டும். "இவன் பிரெஞ்சு படிச்சவன், இங்கிலீஷும் தெரியும், இவனே மொழிபெயர்க்கட்டும்" என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். பிரெஞ்சு தெரிந்தால் தமிழ் தானாக வந்துவிடும் என்று அவர்கள் எப்படி நினைத்தார்களோ! பள்ளியில் நான் தமிழ் படித்தது வாரத்துக்குச் சில மணி நேரம். எழுதிய தமிழ் எல்லாம் பேச்சிலிருந்து பிடித்ததும், அகராதியைப் பார்த்து ஒட்டியதும்தான்.

1975 ஐப்பசியில் நடந்ததை இப்போது சொல்கிறேன். ஐம்பது வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷக் குறிப்பில், சம்பா நடவுக்கு மேலுரமாக யூரியா இரண்டு தவணை இட வேண்டும் என்று இருந்தது. தூர் கட்டும்போது ஒரு தரம், தண்டு உருளும்போது ஒரு தரம். ஒவ்வொரு தரமும் ஹெக்டேருக்கு 50 கிலோ, அதாவது ஒரு மூட்டை. எனக்கு ஹெக்டேர் பழக்கமானதுதான். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே நம் நிலப் பத்திரங்களில் எக்தார், ஆர், சான்த்தியார் கணக்குத்தான். ஆனால் வயலில் இறங்கினால் யாரும் எக்தார் என்று சொல்வதில்லை. குழி, காணிதான். நூறு குழி ஒரு காணி. ஒரு காணி என்பது 53 ஆர் சொச்சம், கிட்டத்தட்ட அரை ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 1.32.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். குடியானவர்களுக்குப் புரியட்டும் என்று 'ஹெக்டேருக்கு' என்பதை எடுத்துவிட்டுக் 'காணிக்கு' என்று போட்டேன். கீழே எண்ணையும் பாதியாக்க வேண்டும் அல்லவா? அதற்குள் யாரோ ஒரு ஃபைல் கேட்டார்கள், எழுந்து போனேன். திரும்பி வந்து மீதியை அடித்து முடித்தேன். 'காணிக்கு ஒரு மூட்டை யூரியா இடவும்' என்று அச்சாகிவிட்டது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். முத்திரையும் விழுந்தது. தபாலில் போய்விட்டது.

கார்த்திகையில் பூச்சி பற்றிய அடுத்த சுற்றறிக்கை அடிக்க வேண்டியிருந்தது. பழைய ஆங்கிலக் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் பார்த்தேன். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போனது போயாச்சு. திருத்தம் போட்டால் மேலே விளக்கம் கேட்பார்கள். உனக்கு இன்னும் புரொபேஷன் முடிஞ்சு கன்ஃபர்மேஷன் வரலை, ஞாபகம் இருக்கா? அந்தக் காகிதத்தை எவன் படிக்கப் போறான்? டீக்கடையில வடை மடிக்கத்தான் போகும்" என்றார்.

நான் பேசாமல் திரும்பி வந்தேன். அவர்மீது மட்டும் பழி போட மாட்டேன். அன்று சாயங்காலமே பாகூர் பஸ் ஏறி மாமாவிடமாவது சொல்லியிருக்கலாம். மழை கொட்டுகிறது, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஞாயிறும் மழை. அடுத்த ஞாயிறு வேறு ஏதோ வேலை. உண்மை என்னவென்றால், எனக்கு வெட்கம்.

மார்கழியில் அம்மாவுக்குத் தகவல் வந்தது, அண்ணன் பயிர் சாய்ந்துவிட்டது என்று. அம்மாவோடு போனேன். மாமா வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஐ.ஆர்.20 போட்டிருந்தார். தழைச்சத்து மிஞ்சிப் போய்ப் பயிர் கரும்பச்சையாக, இடுப்பு உயரத்துக்கு மதர்த்து வளர்ந்து, கதிர் வந்த சமயத்தில் மழைக்கும் காற்றுக்கும் நிற்க முடியாமல் படுத்திருந்தது. நின்ற இடத்தில் புகையான். புகையான் என்றால் ஒரு தத்துப்பூச்சி. காற்றோட்டம் இல்லாமல் அடர்ந்த பயிரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் காலையில் பார்த்தால் வட்ட வட்டமாக நெருப்பு வைத்ததுபோல் பயிர் காய்ந்திருக்கும். மாமா வயலில் அப்படி ஏழெட்டு வட்டம். பக்கத்து வயல்காரர் யூரியாவை அளவோடு போட்டிருந்தார். அவர் பயிர் மஞ்சள் தட்டி நன்றாக நின்றது.

"காயிதத்துல சொன்னபடிதான் போட்டேன் மாப்ளே. ரெண்டு காணிக்கு ரெண்டு மூட்டை, ரெண்டு தரமும். ஒரு பிடி கொறைக்கல" என்றார் மாமா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. சொன்னபடி செய்தேன் என்று என்னிடம் கணக்கு ஒப்பித்தார், அவ்வளவுதான்.

இரண்டு காணி என்பது ஒரு ஹெக்டேர் சொச்சம். அதற்கு ஒரு தரத்துக்கு ஒரே ஒரு மூட்டைதான் கணக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. அறுபது மூட்டை நெல் எதிர்பார்த்த இடத்தில் இருபத்தைந்து தேறவில்லை. கூட்டுறவுக் கடனுக்கு வட்டி ஏறியது. தைப் பொங்கலுக்கு மாமா வீட்டிலிருந்து எங்களுக்கு எப்போதும் புது அரிசி வரும். அந்த வருஷமும் வந்தது. அளவு மட்டும் குறைவு. அந்தப் பொங்கல் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த ஆடியில் மாமா ஏதோ வேலையாகப் பட்டணம் வந்தவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்: "இந்த வருசம் காயிதம் எப்போ வரும் மாப்ளே?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹெக்டேர், காணி, பாதியாக்க மறந்தது, கார்த்திகையில் தெரிந்தும் வராமல் இருந்தது, எல்லாம்.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலை மடித்தபடியே கையில் இருந்தது. பிறகு சொன்னார்:

"ரெண்டாவது மூட்டைய பிரிக்கும்போதே கை தயங்கிச்சி. பச்சை ஏற்கெனவே அதிகம்தான், இப்போ போடாதடான்னு உள்ள ஒண்ணு சொல்லிச்சி. ஆனா நம்ம புள்ள அடிச்ச காயிதம். கவர்மெண்டு சீல் வேற இருக்குது. நம்ம கைக்கு இன்னா தெரியும்னு போட்டுட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கொஞ்சம் கழித்து வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இனிமே அடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தரம் படிச்சிக் காட்டு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அந்த வருஷத்திலிருந்து, மாமா இருந்தவரையில், ஒவ்வொரு பட்டத்துக்கும் நான் எழுதியதை ஸ்டென்சில் வெட்டுமுன் பாகூருக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அதுதான் நான் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடம். 'வயலில் உள்ள நீரை வடிகட்டவும்' என்று எழுதியிருப்பேன். "வடிகட்ட அது இன்னா காப்பியா? தண்ணிய வடிய வுடுன்னு எழுது" என்பார். 'நெற்பயிர் கிளைக்கும் பருவம்' என்றால், "நெல்லு எங்கடா கிளை வுடுது? தூர் கட்டும்" என்பார். கதிர் வெளியே வருமுன் உறைக்குள் இருப்பதை எப்படி எழுதுவது என்று நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, "தொண்டைக் கதிர்" என்று ஒரே சொல்லில் முடித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும், "எதுக்கு? காணிக்கா, ஏக்கருக்கா?" என்று நிறுத்திக் கேட்பார்.

இன்றும் பயிர் வைக்கும் வாசகர்களும், ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளை உடைய வாசகர்களும் இருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு என்று மாமாவிடமும், வேளாண் அலுவலர்களிடமும், நான் அடித்த காகிதங்களிலும் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாக எழுதுகிறேன். நான் விவசாயி அல்ல, குமாஸ்தா. உங்கள் ஊர் அலுவலரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை வாய்க்கால். மழை வந்தபிறகு மண்வெட்டியைத் தேடுவதில் பயன் இல்லை. வடிகாலில் கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால் இப்போதே எடுத்துவிட வேண்டும். தன் வயல் வடிகாலை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. கீழ்மடைக்காரரோடு பேசி, தண்ணீர் போய்ச் சேரும் இடம்வரை பார்க்க வேண்டும்.

யூரியா போடுமுன் வானத்தைப் பாருங்கள். அது தண்ணீரில் உடனே கரைவது. போட்ட மறுநாள் அடைமழை பிடித்து வரப்பு வழிந்தால் உங்கள் பணம் கடலுக்குப் போகிறது. மழை இரண்டு மூன்று நாள் விடும் என்று தெரிந்தபின், வயலில் தண்ணீரைச் சீலைபோல் மெலிசாக வைத்துக்கொண்டு போட வேண்டும். ஐந்து பங்கு யூரியாவுக்கு நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்குக் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போட்டால் சத்து சீக்கிரம் வீணாகாது. பயிருக்கு உரம் வேண்டுமா என்று பார்க்க இப்போது இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. அட்டையில் உள்ள பச்சையோடு இலையை ஒப்பிட்டு, வெளுத்திருந்தால் மட்டும் போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது அளவு. அதற்குக் கீழே இறங்கினால்தான் உரம். 1975-இல் மாமாவின் கை சொன்னதைத்தான் இந்த அட்டை சொல்கிறது.

புகையானுக்கு நடவிலேயே வழி செய்ய வேண்டும். எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டால் காற்றும் வெயிலும் தூர்வரை இறங்கும். வாரம் ஒரு தரமாவது வயலுக்குள் இறங்கி, பயிரை ஒதுக்கித் தூரைப் பார்க்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. கண்டால் முதலில் தண்ணீரை வடிய விட்டு வயலைக் காயப் போடுங்கள். கடைக்காரர் கொடுத்தார் என்று செயற்கைப் பைரித்திராய்டு மருந்தை அடிக்க வேண்டாம். அது புகையானைத் தின்னும் சிலந்தியையும் வண்டையும் கொன்று, புகையானைப் பெருக்கிவிடும்.

இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து வந்தால் அது பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். புயல் மழைக்குப் பின் வேகமாகப் பரவும். அந்தச் சமயத்தில் யூரியா போடுவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது. அந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். புதுச்சாணத்தைக் கரைத்து வடிகட்டி நூற்றுக்கு இருபது கணக்கில் தெளிப்பதும் உண்டு. (இங்கே 'வடிகட்டி' சரிதான். மாமா ஒப்புக்கொள்வார்.)

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்று மாமா அடிக்கடி சொல்வார். அவர் சொன்னதில் பிசகிப்போனது இது ஒன்றுதான். 2011 டிசம்பர் 30, மார்கழி நடுவில், தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. அதைப் பார்க்க மாமா இல்லை.

போன வருஷம் கார்த்திகையில், 2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் இந்த வயதில் மாடிப்படியில் உட்கார்ந்து தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வடியுமுன்னே சாத்தனூர் அணையைத் திறந்தார்கள், தென்பெண்ணை பெருகியது, பாகூர் பக்கமெல்லாம் வெள்ளம். மாமாவின் பேரன் இப்போது அதே இரண்டு காணியில் பயிர் வைக்கிறான். வெள்ளம் வடிந்தபின் போன் செய்தான்.

"தாத்தா, பயிர் மூணு நாள் முழுகிக் கெடந்தது. இப்போ தண்ணி எறங்கிடிச்சி. மஞ்சளா இருக்குது. உங்ககிட்ட பழைய காயிதம்லாம் இருக்குமே, எதுனா சொல்லுங்களேன்."

காகிதத்தைத் தேடி எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். முதலில் மிச்சத் தண்ணீரை முழுக்க வடிய விடு என்றேன். பிறகு இரண்டு கிலோ யூரியா, ஒரு கிலோ சிங்க் சல்பேட், இருநூறு லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளி, பயிர் தெளிந்து புதுவேர் விட்டபிறகு மேலுரத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் குறுக்கிட்டான்.

"இருங்க தாத்தா. ஏக்கருக்கா, காணிக்கா?"

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. பையன் லைனில் இருக்கிறேனா என்று இரண்டு தரம் கூப்பிட்டான்.

"ஏக்கருக்கு" என்றேன். "எழுதிக்கோ. எழுதிட்டு எனக்குத் திருப்பிப் படிச்சிக் காட்டு."

படித்துக் காட்டினான். சரியாக இருந்தது. தை மாதம் புது அரிசி வந்தது. எப்போதும் வருவதைவிடக் கொஞ்சம் குறைவுதான். வெள்ளம் போன வருஷம் அல்லவா? ஆனால் வந்தது.

அந்த 1975 சுற்றறிக்கை எத்தனை பேர் கையில் போனது, அவர்களில் எத்தனை பேர் அதை நம்பினார்கள் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. எல்லாம் டீக்கடைக்கே போயிருக்க வேண்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு காகிதம் மட்டும் என் பெட்டியில் இருக்கிறது. மாமா இறந்தபின் அத்தை கொடுத்தது. நான்காக மடித்து, வயல் வரிக் காகிதங்களோடு சேர்த்து வைத்திருந்தாராம். 'காணிக்கு ஒரு மூட்டை' என்ற வரியில் 'ஒரு' என்பதை யாரிடமோ சொல்லிப் பென்சிலால் அடித்து, மேலே 'அரை' என்று எழுதி வைத்திருக்கிறார்.